ரெகுலேஷன் தெரியாமல் எட்டு செமஸ்டர்

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி மாணவர் ஒருவரிடம் ரெஜிஸ்டர் நம்பரைக் கேட்டுப் பாருங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பன்னிரண்டு இலக்கத்தையும் கடகடவென ஒப்பிப்பார். முதல் நான்கு இலக்கம் கல்லூரி. அடுத்த இரண்டு, சேர்ந்த வருடம். அதற்கடுத்த மூன்று, துறை: 103 என்றால் சிவில், 104 என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ், 106 என்றால் இசிஇ, 114 என்றால் மெக்கானிக்கல். கடைசி மூன்று, வரிசை எண். அது 301, 302 என்று போனால் பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர். ஹால் டிக்கெட், ரிசல்ட், மதிப்பெண் சான்று, வேலை விண்ணப்பம் என்று அடுத்த பல வருடங்களுக்கு அவர் பெயருக்கு முன்னால் இந்த எண்தான் போய் நிற்கும்.

அதே மாணவரிடம், "அரியர் பேப்பரைத் திரும்பத் திரும்ப எழுதினால் பழைய இன்டர்னல் மார்க் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். யோசிப்பார். "உடம்பு சரியில்லாதபோது ஒரு தேர்வை வித்ட்ரா செய்யலாமே, தெரியுமா?" என்று கேளுங்கள். சீனியர் யாரோ சொன்னதாக அரைகுறையாக ஏதோ சொல்வார். இரண்டு கேள்விக்கும் பல்கலைக்கழக ரெகுலேஷனில் விடை அச்சிலேயே இருக்கிறது. 2017 ரெகுலேஷனை எடுத்துக்கொண்டால், முதல் முறை வாங்கிய இன்டர்னல்தான் அடுத்தடுத்த முயற்சிகளுக்கும் தொடரும். ஆனால் மூன்றாவது முயற்சியிலிருந்து, இன்டர்னலைச் சேர்த்தும் தேறவில்லை என்றால், செமஸ்டர் தேர்வில் மட்டும் 50 சதவீதம் எடுத்தாலே தேர்ச்சி. வித்ட்ராயலுக்கும் அப்படியே வழி உண்டு. முழுப் படிப்புக் காலத்திலும் ஒரே ஒரு முறை, தக்க காரணத்தோடு, தேர்வுக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். அப்படி விலகியது ஒரு முயற்சியாகக் கணக்கில் ஏறாது. டிஸ்டிங்ஷனும் பறிபோகாது.

இப்படி மாணவனுக்குக் கைகொடுக்கும் பிரிவுகள் ரெகுலேஷனில் நிறைய. அவை தெரியாமல் வருடத்தை இழந்தவர்களும் நிறைய. என்ன பாடம் எடுக்கலாம், எத்தனை நாள் வர வேண்டும், மார்க் எப்படிப் போடப்படும், சான்றிதழ் எப்போது கைக்கு வரும் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் அந்தப் புத்தகத்தைப் படிக்காமலே எட்டு செமஸ்டரையும் முடிப்பதுதான் இங்கே வழக்கமாக இருக்கிறது. வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அங்கே முன்னால் படித்தவர் இருக்க வேண்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு என்று 2010-லேயே கல்விக் கட்டணச் சலுகை அறிவித்த மாநிலம் இது. அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் யார் சொல்வார்கள்? கட்டணத்தில் காட்டிய அக்கறையை விதிகளைச் சொல்வதிலும் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை.

விருப்பம் யாருடையது?

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியது. நூறு வருடங்களுக்கும் மேலாக இங்கே ஒரே முறைதான்: பல்கலைக்கழகம் பாடத்திட்டம் கொடுக்கும், கல்லூரி நடத்தும், பல்கலைக்கழகமே தேர்வு வைக்கும். கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று கோத்தாரி கமிஷன் 1966-ல் பரிந்துரைத்தது. 1978-ல் சென்னை லயோலா, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றன. செமஸ்டர், இன்டர்னல், கிரெடிட் எல்லாம் மெல்ல மெல்ல நம் காதில் விழத் தொடங்கின. பிறகு சிபிசிஎஸ் வந்தது. விருப்பப் பாடங்களை மாணவரே தேர்ந்தெடுத்துப் படிக்கும் முறை என்று பல்கலைக்கழக மானியக் குழு இதை நாடு முழுக்கக் கொண்டுபோனது.

கிரெடிட் கணக்கு எளிது. அண்ணா பல்கலையில் வாரம் ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு கிரெடிட், இரண்டு மணி நேர லேபுக்கு ஒரு கிரெடிட். கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பட்டத்துக்கு 140 கிரெடிட். அதைப் பாகம் ஒன்று, இரண்டு என்று ஐந்தாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் பாகம் தமிழ் அல்லது வேறு மொழி, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது முதன்மைப் பாடமும் அலைடும். நான்காவது பாகத்தில்தான் தன் துறைக்கு வெளியே ஒரு பாடத்தை எட்டிப் பார்க்கும் நான் மேஜர் எலெக்டிவ் வருகிறது. அங்கேயும் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. பள்ளியில் தமிழே படிக்காமல் வந்தவர்களுக்கு அடிப்படைத் தமிழ், பள்ளியில் தமிழ் படித்திருந்தும் முதல் பாகத்தில் வேறு மொழி எடுத்தவர்களுக்குச் சிறப்புத் தமிழ், மற்றவர்களுக்கு விருப்பப்பட்ட பாடம். வடஇந்தியாவிலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவி அ, ஆ எழுதக் கற்றுக்கொண்டு போவது இந்தப் பாகத்தில்தான்.

காகிதத்தில் இருக்கும் இந்த விருப்பம் வகுப்பறைக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். செமஸ்டர் தொடங்கும் முன் ஒரு படிவம் வரும். அதில் ஐந்தாறு எலெக்டிவ் இருக்கும். "நம்ம டிபார்ட்மென்ட்ல இத எடுக்கத்தான் ஸ்டாஃப் இருக்காங்க" என்று ஒரு பெயர் சொல்லப்படும். முதல் பெஞ்சில் இருப்பவர் அதை எழுதுவார். படிவம் கடைசி பெஞ்சுக்குப் போவதற்குள் அறுபது பேரும் அதே பாடத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைக்குப் பொருளாதாரத்தில் ஆசை இருக்கலாம், கணிதம் படிக்கும் பெண்ணுக்கு இதழியலில் நாட்டம் இருக்கலாம். அதைக் கேட்கும் இடம் படிவத்தில் இருக்கிறது. கேட்கும் ஆள் இல்லை.

இதில் துறைத் தலைவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆறு எலெக்டிவ் நடத்த ஆறு ஆசிரியர்கள் வேண்டும். அரசுக் கலைக் கல்லூரிகளில் வகுப்புகளைப் பெருமளவு தாங்கிப் பிடிப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். நிரந்தர இடங்களை நிரப்பாமல், பத்துப் பேருக்கு ஒரு பாடம் தனியாக நடத்து என்று எந்தத் துறையிடமும் கேட்க முடியாது. ஆனால், உண்மையான காரணத்தை மாணவரிடம் சொல்லலாம். ஸ்வயம் தளத்தில் ஒரு பாடத்தைப் படித்து அதன் கிரெடிட்டைத் தன் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்றும், செமஸ்டருக்கு நடத்தும் பாடங்களில் 40 சதவீதம் வரை இதற்கு இடமுண்டு என்றும் மானியக் குழு 2021-லேயே விதி செய்துவிட்டது. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல், இன்று நம் கல்லூரிகளில் தெரியாதவர் இல்லை. எடுக்க ஆளில்லாத எலெக்டிவை அங்கே படிக்கலாமே என்று வழிகாட்ட ஒரு அட்வைசர் போதும். சில தன்னாட்சிக் கல்லூரிகள் இதைச் செய்கின்றன. மற்றவை சான்றிதழ் கணக்குக் காட்டுவதற்காக மட்டும் என்பிடெல்லைப் பயன்படுத்துகின்றன.

நாற்பது மார்க்கின் பலம்

இன்டர்னலைப் பற்றிப் பேசாத கேன்டீன் மேஜை எந்தக் கல்லூரியிலும் கிடையாது. கலை, அறிவியல் கல்லூரிகளில் அது 25, செமஸ்டர் தேர்வு 75. அண்ணா பல்கலையின் 2017 ரெகுலேஷனில் எழுத்துத் தாளுக்கு 20-க்கு 80. 2021 ரெகுலேஷனில் அது 40-க்கு 60 ஆனது. ஒரு நாள் தேர்வை வைத்து மட்டும் ஒரு மாணவரை எடைபோடக் கூடாது, செமஸ்டர் முழுக்க அவர் செய்யும் வேலைக்கும் மதிப்பு வேண்டும் என்பது இதன் நோக்கம். நல்ல நோக்கம். நானும் அதை ஏற்கிறேன். ஆனால் இந்த மாற்றம் ஆசிரியர் கையில் எவ்வளவு பெரிய அதிகாரத்தைக் கொடுக்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனைகள். மொத்தத்தில் 50 வேண்டும். செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதம் வேண்டும். இன்டர்னலில் 36 வாங்கிய மாணவி, தேர்வில் நூற்றுக்கு 45 எடுத்தால் போதும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு இன்டர்னல் 12 என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மீதி 38 மார்க் அறுபதிலிருந்து வர வேண்டும். அதாவது தேர்வில் நூற்றுக்கு 64 எடுக்க வேண்டும். ஒருவர் 45-ல் தேறுகிறார், இன்னொருவர் 63 எடுத்தும் அரியர் வைக்கிறார். பழைய 20-க்கு 80 கணக்கில் இதே விகிதத்தில் குறைந்த இன்டர்னல், அதாவது 6, வாங்கியவருக்கு 55 போதுமாக இருந்தது. கணிதத்திலும் தெர்மோடைனமிக்ஸிலும் இந்த ஒன்பது மார்க்கை ஏறிக் கடப்பது எவ்வளவு கஷ்டம் என்று எழுதியவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவு எடையுள்ள ஒரு மார்க், எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டப்பட வேண்டுமா இல்லையா? டெஸ்டுக்கு எவ்வளவு, அசைன்மென்ட்டுக்கு எவ்வளவு, செமினாருக்கு எவ்வளவு என்று ரெகுலேஷனிலேயே பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழக வலைத்தளத்தில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை வருகைப்பதிவும் மதிப்பெண்ணும் ஏற்றப்பட வேண்டும் என்பதும் விதி. ஒழுங்காக நடக்கும் கல்லூரிகளில் டெஸ்ட் பேப்பர் திருத்திக் கைக்கு வருகிறது, மாணவர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார், தவறு இருந்தால் அன்றைக்கே சரியாகிறது. ஆனால் "இன்டர்னல்ல கை வெச்சிருவேன்" என்ற வாக்கியம் இன்னமும் நம் வகுப்பறைகளில் ஒலிக்கிறது. தலைமுடி அதிகம் வளர்த்ததற்கும் எதிர்த்துக் கேள்வி கேட்டதற்கும் தண்டனையாக மார்க் குறைக்கலாம் என்று எந்த ரெகுலேஷனிலும் இல்லை. ஒழுங்கு நடவடிக்கைக்குத் தனி வழி இருக்கிறது. பாடத்தில் என்ன தெரியும் என்பதற்குப் போடும் மார்க்கில் அதைக் கலப்பது, அந்த மார்க்கையே பொய்யாக்குகிறது.

வருகைப்பதிவும் இதோடு ஒட்டியது. 75 சதவீதம் வேண்டும். 65-லிருந்து 75-க்குள் இருந்தால், மருத்துவக் காரணம் போன்றவற்றுக்கு உரிய சான்று காட்டிக் கண்டோனேஷன் பெற்றுத் தேர்வு எழுதலாம். 65-க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே அடுத்த வருடம் திரும்பப் படிக்க வேண்டும். டெங்குவில் மூன்று வாரம் படுத்த பிள்ளை, டிஸ்சார்ஜ் சம்மரியைக் கல்லூரிக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்று தெரியாமல் செமஸ்டர் முடிவில் கொண்டுபோய் நீட்டுகிறது. "இப்பதான் வர்றியா?" என்பது பதில். முதல் நாளே ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

விடைத்தாளைக் கேட்கும் உரிமை

செமஸ்டர் தேர்வு முடிந்ததும் விடைத்தாளில் இருக்கும் ரெஜிஸ்டர் நம்பர் மறைக்கப்பட்டு டம்மி நம்பர் ஏறும். தாள்கள் மத்திய மதிப்பீட்டு மையங்களுக்குப் போகும். யார் பேப்பர் என்று திருத்துபவருக்குத் தெரியாது. யார் திருத்தினார் என்று மாணவருக்குத் தெரியாது. இது நம் தேர்வு முறையின் மிக நல்ல அம்சங்களில் ஒன்று. ஊர், சாதி, கல்லூரிப் பெயர் எதுவும் மார்க்கைத் தொட முடியாது. ஆனால் அவசரம் தொடும். குறுகிய நாட்களில் கட்டுக்கட்டாகத் திருத்தும்போது ஒரு பக்கம் புரட்டப்படாமல் போகலாம், கூட்டலில் பிசகலாம். அதற்காகத்தான் விடைத்தாள் நகலும் ரீவேல்யூவேஷனும்.

அந்த ரீவேல்யூவேஷன் எப்படிக் கறைபட்டது என்பதைத் தமிழ்நாடு 2018-ல் பார்த்தது. 2017 ஏப்ரல், மே மாதத் தேர்வுகளுக்குப் பிறகு அண்ணா பல்கலையில் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். அவர்களில் 73 ஆயிரத்துக்கும் அதிகமானோர் தேர்ச்சியடைந்தார்கள், 16 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு மார்க் கூடியது. பணம் வாங்கிக்கொண்டு மார்க் போடப்பட்டது என்ற புகாரில், தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தவர் உட்படப் பத்துப் பேர் மீது லஞ்ச ஒழிப்புத்துறை 2018 ஆகஸ்டில் வழக்குப் பதிந்தது. அந்த எண்ணிக்கையை இரண்டு விதமாகப் படிக்கலாம். எல்லாமே பணம் கொடுத்து வாங்கியது என்று படித்தால், நேர்மையாக விண்ணப்பித்துத் தேறிய ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அது அநியாயம். பெரும்பகுதி நியாயமாகவே கூடியது என்று படித்தால், முதல் திருத்தம் எவ்வளவு மோசமாக நடந்திருக்கிறது என்று பயம் வருகிறது. எப்படிப் படித்தாலும் முதல் திருத்தத்தைச் சரியாகச் செய்வதுதான் முக்கியம். அதற்குத் திருத்துபவருக்கு நேரமும் கௌரவமான ஊதியமும் வேண்டும்.

நகல் கேட்பது கல்லூரி காட்டும் கருணை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், சிபிஎஸ்இ எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில், திருத்தப்பட்ட விடைத்தாள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 'தகவல்'தான், எழுதியவர் அதைப் பார்வையிடவும் நகல் பெறவும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. எந்தக் காலம் வரை தாளைப் பாதுகாத்து வைக்க வேண்டுமோ அதற்குள் கேட்க வேண்டும், அவ்வளவுதான். நகலைக் கையில் வாங்கிப் பாட ஆசிரியரிடம் காட்டுங்கள். பதினாறு மார்க் கேள்விக்கு எழுதிய விடை திருத்தப்படவே இல்லை என்றால் ரீவேல்யூவேஷனுக்குப் பணம் கட்டலாம். நியாயமாகவே மார்க் குறைந்திருந்தால், எங்கே தவறு செய்தோம் என்பதாவது தெரியும். இந்த இரண்டாவது பயனை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. எழுதியதைத் திரும்பப் பார்க்காமல் எப்படிக் கற்றுக்கொள்வது?

எழுத்துக்குப் பின்னால் இருக்கும் எண்

இப்போது மார்க் ஷீட்டில் மார்க் இல்லை, எழுத்துதான். 2017 ரெகுலேஷனில் 91-லிருந்து 100 வரை ஓ, அதற்குப் பத்துப் புள்ளி. 81-லிருந்து 90 வரை ஏ பிளஸ், ஒன்பது. 71-லிருந்து 80 வரை ஏ, எட்டு. 61-லிருந்து 70 வரை பி பிளஸ், ஏழு. 50-லிருந்து 60 வரை பி, ஆறு. அதற்குக் கீழே ஆர்ஏ. 71 எடுத்தவரும் 80 எடுத்தவரும் ஒன்று. 80 எடுத்தவரும் 81 எடுத்தவரும் வேறு. ஒரு மார்க், அரை மார்க்குக்கு அடித்துக்கொள்ளும் நம் பழக்கத்தைத் தணிக்கத்தான் கிரேடு வந்தது. எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு அது பதற்றத்தைக் கூட்டியும் விட்டது. இப்போது பல இடங்களில் வகுப்பின் ஒட்டுமொத்த மார்க்கைப் பார்த்து கிரேடைத் தீர்மானிக்கும் சார்பு மதிப்பிடலும் வந்திருக்கிறது. அதில் 75 எடுத்தால் என்ன கிரேடு என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது.

ஜிபிஏ எப்படி வருகிறது என்பதையாவது ஒவ்வொரு மாணவரும் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பாடத்தின் கிரெடிட்டை அதில் வாங்கிய புள்ளியால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுக்க வேண்டும். நான்கு கிரெடிட் கணிதத்தில் பி, மூன்று கிரெடிட் இயற்பியலில் ஏ, வேதியியலில் பி பிளஸ், பைத்தானில் ஏ பிளஸ், ஆங்கிலத்தில் ஏ, இரண்டு கிரெடிட் லேபில் ஓ என்று வைத்துக்கொள்ளுங்கள். 24, 24, 21, 27, 24, 20. மொத்தம் 140. கிரெடிட் 18. ஜிபிஏ 7.78. கணிதத்தில் மட்டும் ஓ வாங்கியிருந்தால் 8.67 ஆகியிருக்கும். இதே நான்கு படி இறக்கம் கணிதத்தில் 0.89 புள்ளியைத் தின்கிறது, லேபில் நடந்திருந்தால் 0.44-தான். எந்தப் பாடத்துக்கு எத்தனை நாள் ஒதுக்குவது என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும். முதல் செமஸ்டரிலேயே இது தெரிந்த பிள்ளை வேறு மாதிரி படிக்கும்.

பிறகு வருகிறது சதவீதச் சிக்கல். வேலைக்கான விண்ணப்பத்தில் "60 சதவீதம் வேண்டும்" என்று இருக்கும். சான்றிதழில் சிஜிபிஏ 6.75 என்று இருக்கும். பத்தால் பெருக்கினால் 67.5 சதவீதம். ஏஐசிடிஇ கையேட்டின் அட்டவணைப்படி அதே 6.75 என்பது 60 சதவீதம். ஒரே மாணவர், ஒரே உழைப்பு, ஏழரை சதவீத வித்தியாசம். எந்தக் கணக்கு தங்களுக்குச் செல்லும் என்று பல்கலைக்கழகம் சான்றிதழின் பின்பக்கத்திலேயே அச்சடித்துக் கொடுத்தால், அதற்காகத் தனியாக விண்ணப்பம் போட்டுக் கடிதம் வாங்க அலைய வேண்டியதில்லை.

கிரேடைப் பற்றிப் பேசும்போது 2020-ஐத் தாண்டிப் போக முடியாது. கொரோனா நேரத்தில், ஆகஸ்ட் 26 அன்று, அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டியிருந்தால் எழுதாமலே தேர்ச்சி என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். இறுதி செமஸ்டர் தேர்வுக்கு இது பொருந்தாது. ஊர் ஊராக நன்றிப் போஸ்டர்கள் முளைத்தன. மானியக் குழுவும் ஏஐசிடிஇயும் ஏற்கவில்லை. முன்னாள் துணைவேந்தர் இ.பாலகுருசாமி உள்ளிட்டோர் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். தேர்வே இல்லாமல் தேர்ச்சி கொடுப்பதை ஏற்க முடியாது, ஏதாவது ஒரு வகையில் தேர்வு நடத்துங்கள் என்று 2021 ஏப்ரலில் நீதிமன்றம் சொன்னது. இடைப்பட்ட அந்த எட்டு மாதங்கள் பிள்ளைகள் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பாஸ் என்று நம்பிப் புத்தகத்தை எடைக்குப் போட்டவர்களும் உண்டு. ஒரு மார்க் எப்படி வந்தது என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாத மார்க் கடைசியில் அந்தப் பிள்ளைகளையே உறுத்தியது.

பீரோவில் பூட்டிய சான்றிதழ்

எல்லாவற்றையும்விட என்னைக் கோபப்பட வைப்பது இதுதான். எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் வீட்டுப் பெண், இரண்டாம் ஆண்டில் குடும்பக் கஷ்டத்தால் படிப்பை நிறுத்தினார். பத்தாவது, பிளஸ் டூ மார்க் ஷீட்டும் டிசியும் கல்லூரி அலுவலகத்தில் இருந்தன. மீதி இரண்டு வருட ஃபீஸையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றார்கள். அந்தச் சான்றிதழ்கள் இல்லாமல் வேறு கல்லூரியிலும் சேர முடியாது, வேலைக்கும் போக முடியாது. அந்த அப்பா ஒவ்வொரு முறையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லூரி வாசலில் போய் நிற்பார். "சேர்மன் இல்ல, நாளைக்கு வாங்க" என்பார்கள். அவருக்கு யாரும் சொல்லாத செய்தி ஒன்று இருந்தது.

2018 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு தெளிவாக அறிவித்தது: சேர்க்கையின்போது அசல் சான்றிதழைக் கண்ணெதிரே சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும் படிநிலை வைத்தது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் அல்லது அதற்கும் முன்பே விலகினால் முழுத் தொகை, அதற்குப் பிறகு கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம், அந்தத் தேதி கடந்து பதினைந்து நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50. வராத வருடங்களுக்கான கட்டணத்தைக் கேட்க எந்த இடமும் இல்லை. கட்டண பாக்கிக்குச் சான்றிதழை அடகுபோலப் பிடித்துவைக்க முடியாது என்று நீதிமன்றங்களும் பலமுறை சொல்லிவிட்டன. பாக்கி இருந்தால் வசூலிக்கச் சட்டத்தில் வேறு வழி இருக்கிறது. ஒரு பெண்ணின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், எந்தக் கல்லூரியின் சொத்தும் அல்ல.

காகிதம் என்றால் இன்னொரு நினைவும் வருகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர், கடலூர் மாவட்டங்களில் பீரோ பீரோவாகச் சான்றிதழ்கள் ஊறிப்போயின. அரசு சிறப்பு முகாம் போட்டு மாற்றுச் சான்றிதழ் கொடுத்தது. சாதாரண நாளில் ஒரு மார்க் ஷீட் தொலைந்தால் போலீஸ் நிலையம், பத்திரிகை விளம்பரம், தாலுகா அலுவலகம் என்று அலைச்சல். இப்போது டிஜிலாக்கர் இருக்கிறது. 2021-ல் வந்த அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ், மாணவர் சேர்த்த கிரெடிட்டை ஏழு வருடம் வரை கணக்கில் வைத்திருக்கும். இடையில் நிறுத்தியவர் வேறு இடத்தில் தொடர அது உதவ வேண்டும் என்பது திட்டம். நம் மாணவர்களில் பெரும்பாலானோர் கல்லூரி சொன்னதற்காக ஒரு ஐடி போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். உள்ளே போய்ப் பாருங்கள். உங்கள் பெயர் பத்தாம் வகுப்புச் சான்றில் இருப்பதுபோலவே இருக்கிறதா, எல்லா செமஸ்டரும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இன்ஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருந்தால், பாஸ்போர்ட் எடுக்கும்போதும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ட்ரான்ஸ்கிரிப்ட் அனுப்பும்போதும்தான் வலி தெரியும்.

பட்டமும் காலத்தில் கிடைக்க வேண்டும். தகுதி பெற்ற நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்பது 2008-லிருந்து மானியக் குழுவின் விதி. 2023 ஜூனில், பட்டமளிப்பு விழா நடக்காததால் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் காத்திருக்கிறார்கள் என்று அன்றைய உயர்கல்வி அமைச்சர் க.பொன்முடி சொன்னார். ஆளுநர் தரப்பு மீது அவர் குற்றம் சாட்டினார். அரசியல் யாருடையதாகவும் இருக்கட்டும். ப்ரொவிஷனலை மட்டும் வைத்துக்கொண்டு வேலை தேடிய பிள்ளைகளுக்கு அந்த விவாதத்தால் ஒரு பயனும் இல்லை.

எழுதிக் கொடுங்கள்

2023 ஏப்ரலில் மானியக் குழு மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளைப் புதிதாக வெளியிட்டது. ஒவ்வொரு கல்லூரியிலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். சான்றிதழைத் தர மறுப்பது, ரிசல்ட்டைத் தாமதிப்பது, வெளிப்படைத்தன்மை இல்லாத மதிப்பீடு எல்லாமே அதில் குறை என்று பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. குழு பதினைந்து வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் பதினைந்து நாளுக்குள் பல்கலைக்கழக ஓம்பட்ஸ்பர்சனிடம் மேல்முறையீடு. அவர் முப்பது நாளில் தீர்க்க முயல வேண்டும். அந்த நெசவாளருக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால், வாசலில் நிற்பதற்குப் பதிலாக ஒரு விண்ணப்பம் எழுதியிருப்பார். வாய்ச்சொல்லில் கேட்காதீர்கள். எழுதுங்கள், நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்த ஒப்புகை அட்டைதான் பிறகு பேசும்.

இந்த விதிகள் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், நூறு உட்பிரிவுகளோடு, வலைத்தளத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கின்றன. தமிழில் பத்துப் பக்கத்தில் சுருக்கி, சேர்க்கை ரசீதோடு சேர்த்துக் கொடுக்கப் பல்கலைக்கழகங்களால் முடியும். கலந்தாய்வுக்கு வரும் பெற்றோருக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம். அதுவரை மாணவர்களிடம் ஒரு வழி இருக்கிறது. அண்ணா பல்கலையின் ரெகுலேஷனில் வகுப்புக் குழு என்று ஒன்று உண்டு. அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஒரு ஆசிரியர்தான் அதன் தலைவர். மாணவப் பிரதிநிதிகளும் அதில் உட்கார வேண்டும். விதிகளை விளக்குவதும், ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் எவ்வளவு மார்க் என்று சொல்வதும் அந்தக் குழுவின் வேலையாகவே எழுதப்பட்டிருக்கிறது. பல கல்லூரிகளில் அதன் நோட்டில் கையெழுத்து மட்டும் சுற்றி வருகிறது. இந்த செமஸ்டரில் கூட்டத்தை உண்மையாகவே நடத்தச் சொல்லுங்கள். முதலில் இதைக் கேளுங்கள்: எங்கள் இன்டர்னல் நாற்பது எப்படிப் பிரிகிறது, அதை எந்தத் தேதியில் எங்களிடம் காட்டுவீர்கள்?